வீட்டுக்கு மேசைக்கணினி: பலகை வாங்கிக் கட்டுவதா, கட்டியதை வாங்குவதா?

பிள்ளை தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறது. சிங்கப்பூரில் அரசு மாணவர் கணக்கில் போடும் எடுசேவ் பணத்தில் பள்ளி வழியாக வாங்கும் கற்றல் சாதனம் உயர்நிலை ஒன்றில்தான் கைக்கு வரும். அதுவரை அப்பாவின் அலுவலக மடிக்கணினியையும் அம்மாவின் கைத்தொலைபேசியையும் மாற்றி மாற்றிக் கொடுத்துச் சமாளிப்பது எந்த வீட்டிலும் நெடுநாள் ஓடாது. வீட்டுக்கென்று ஒரு மேசைக்கணினி வேண்டும். நாலறை வீவக அடுக்குமாடி வீட்டில் அதற்கு ஒரு மூலையைத்தான் ஒதுக்க முடியும். ஆயிரம் வெள்ளி செலவழிக்கவும் மனம் இல்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இவர்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. ராஸ்ப்பெரி பை 5 என்ற சிறு கணினிப் பலகையை (இனிச் சுருக்கமாகப் ‘பை’) தனியாக வாங்கி, அடாப்டர், குளிர்விப்பான், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி, கேஸ் எல்லாம் சேர்த்து நாமே கட்டுவது முதல் வழி. அதே வகைப் பலகையை விசைப்பலகைக்கு உள்ளேயே வைத்து விற்கும் ராஸ்ப்பெரி பை 500ஐ வாங்குவது அடுத்தது. அலுவலகங்கள் பயன்படுத்திக் கழித்த சிறு கணினியைப் பழையதாக வாங்குவது மூன்றாவது: லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலிட்டெஸ்க் மினி போன்றவை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினி வேலை செய்தால் போதும், அதற்குமேல் யோசிக்க நேரமில்லை என்பவர்கள் மூன்றாவதை வாங்குங்கள். பிள்ளை திறந்து பார்த்து, கெடுத்து, சரிசெய்து, தன்னுடையதாக்கிக்கொள்ளும் கணினி வேண்டும் என்றால் முதல் வழிதான். இரண்டாவது நல்ல பொருள். ஆனால் அது பொருந்தும் வீடுகள் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

எதையும் வாங்குவதற்கு முன் ஒன்று. குறைந்த வருமானக் குடும்பம் என்றால், தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் டிஜிட்டல்ஆக்சஸ்@ஹோம் திட்டத்துக்குத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். அதில் இணையச் சேவைக்கும் சாதனத்துக்கும் சலுகை உண்டு. தகுதி இருந்தால் இந்த ஒப்பீடே தேவைப்படாமல் போகலாம்.

பலகை விலையோடு நிற்காது

பை 5 கடைக்கு வந்தது 2023 அக்டோபரில். அப்போது 8 ஜிபி பலகையின் விலை 80 அமெரிக்க டாலர். ‘நூறு வெள்ளி சொச்சத்தில் கணினியா!’ என்று பலரும் ஆசைப்படுவது இந்த ஒரு எண்ணைப் பார்த்துத்தான். ஆனால் கையில் வருவது ஒரு கடன் அட்டை அளவுள்ள பச்சைப் பலகை மட்டுமே. அதைக் கணினியாக்க இன்னும் என்னென்ன வேண்டும் என்று கணக்குப் பார்ப்போம். எல்லாமே ராஸ்ப்பெரி பை நிறுவனமே விற்கும் பொருள்கள், வெளியானபோது இருந்த விலைகள்: 27 வாட் அடாப்டர் 12 டாலர், குளிர்விப்பான் 5, கேஸ் 10, எஸ்எஸ்டி பொருத்துவதற்கான எம்.2 ஹேட் என்ற துணைப்பலகை 12, 256 ஜிபி எஸ்எஸ்டி 30, மைக்ரோ எச்டிஎம்ஐ கேபிள் 5. கூட்டினால் 74 டாலர். பலகையோடு சேர்த்து 154. விசைப்பலகையும் மவுஸும் இன்னும் வரவில்லை. அப்புறம் அனுப்பும் செலவு, 9 விழுக்காடு பொருள் சேவை வரி. வெளிநாட்டு இணையக்கடையில் வாங்கினால் வரி இருக்காது என்று நினைக்க வேண்டாம். 400 வெள்ளிக்குள் இருக்கும் இறக்குமதிப் பொருள்களுக்கும் 2023 ஜனவரியிலிருந்து வரி உண்டு.

இதோடு பை 500ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். 2024 டிசம்பரில் அது வந்தபோது, அடாப்டர், மவுஸ், கேபிள், 32 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு, கையேடு எல்லாம் அடங்கிய பெட்டி 120 டாலர். உள்ளே இருப்பதும் 8 ஜிபி நினைவகம்தான். ஆக, துண்டு துண்டாக வாங்கிக் கட்டுவது மலிவு என்பது உண்மையல்ல. கட்டுவதற்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு, விலை அவற்றில் ஒன்றில்லை.

இப்போதைய விலைகள் இவற்றைவிட அதிகம். செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் சில்லு விலை ஏறி, 2025 டிசம்பரில் பை 5 பலகைகளின் விலையையும் உயர்த்தினார்கள். நினைவகம் அதிகமுள்ள பலகைகளில்தான் ஏற்றமும் அதிகம். அதனால் வாங்கும் நாளில் கடை விலையை வைத்து மேலே உள்ள கூட்டலை மறுபடி போட்டுப் பாருங்கள். பழைய அலுவலகக் கணினியில் நினைவகம் ஏற்கெனவே உள்ளேயே இருப்பதால், இந்த நிலைமை அதன் பக்கம் தராசைச் சாய்க்கிறது.

எத்தனை ஜிபி வாங்குவது? பையில் நினைவகம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு கூட்ட முடியாது. ஒரே ஆள், ஓரிரண்டு பக்கங்கள் திறந்து வைத்துப் படிப்பது என்றால் 4 ஜிபி ஓடும். வீட்டில் எல்லாரும் தொடும் கணினிக்கு 8 ஜிபி வாங்குங்கள். 16 ஜிபிக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் ஒரு மாணவர் மேசையில் வீண்.

மின்சாரமும் வெக்கையும்

பையைப் பற்றிக் கேட்கும் புகார்களில் பாதி, பலகையின் குறையே அல்ல, அடாப்டரின் குறை. பை 5 கேட்பது 5 வோல்ட், 5 ஆம்பியர். வீட்டில் 65 வாட் மடிக்கணினி சார்ஜர் கிடக்கிறது, அதுவே போதும் என்று தோன்றும். ஆனால் அந்த சார்ஜர்கள் 5 வோல்ட்டில் பெரும்பாலும் 3 ஆம்பியர்தான் கொடுக்கும், மீதிச் சக்தியெல்லாம் 9, 15, 20 வோல்ட்டில். 3 ஆம்பியர் அடாப்டரைச் செருகினால் பை ஓடும். ஆனால் யுஎஸ்பி துளைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியருக்குமேல் விடாது. 5 ஆம்பியர் அடாப்டரில் அதே அளவு 1.6 ஆம்பியர். வெளி எஸ்எஸ்டி திடீரென்று காணாமல் போவது, வெப்கேமரா விட்டு விட்டு வேலை செய்வது எல்லாம் பெரும்பாலும் இதனால்தான். 12 டாலர் அடாப்டரில் மிச்சம் பிடிக்காதீர்கள். சிங்கப்பூர்ச் சுவருக்கு மூன்று முள் பிளக், அதாவது பிரிட்டிஷ் வகை, வேண்டும். எந்த அடாப்டர் வாங்கினாலும் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது வெக்கை. குளிர்நாட்டில் ஒருவர் ‘குளிர்விப்பான் இல்லாமலே ஓடுகிறது’ என்று எழுதினால் அது அவர் அறைக்குச் சரி. ஏர்கான் போடாத நம் ஹாலில் பிற்பகல் மூன்று மணிக்கு 31, 32 டிகிரி. சில்லு 80 டிகிரியைத் தொட்டதும் பை தானாகவே வேகத்தைக் குறைக்கத் தொடங்கும், 85இல் இன்னும் கடுமையாகக் குறைக்கும். அறையே 32 டிகிரியில் இருக்கும்போது, குளிர்விப்பான் இல்லாத பலகை ஒரு நீளமான வீடியோ வகுப்பிலேயே அந்த எல்லைக்குப் போய்விடும். கணினி மெதுவாக இருக்கிறது என்று பிள்ளை சொல்வதற்குப் பின்னால் இதுவும் இருக்கலாம். விசிறி வைத்த குளிர்விப்பானைப் போட்டால் கவலையில்லை. சில்லு 50 டிகிரி தொடும்போது விசிறி மெல்லச் சுற்ற ஆரம்பிக்கும், சூடு ஏற ஏற வேகம் கூடும். நம் வீட்டு வெப்பத்தில் அது அடிக்கடி சுற்றும் என்பதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். சத்தம் அதிகமில்லை.

பை 500இல் விசிறியே கிடையாது. விசைகளுக்கு அடியில் அகலமான உலோகத் தகடு சூட்டைப் பரப்பிவிடும். முழு அமைதி. இரவில் பிள்ளையும் பாட்டியும் ஒரே அறையில் இருக்கும் வீட்டுக்கு இது சின்ன விஷயமல்ல.

மின்கட்டணத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பை 5 சாதாரண வேலையில் 5 வாட் அளவில் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம், பழைய அலுவலகக் கணினி 15 வாட். நாளுக்கு ஐந்து மணி நேரம், மாதம் முப்பது நாள், ஒரு யூனிட் ஏறக்குறைய 30 காசு. பைக்கு மாதம் 22 காசு, மற்றதற்கு 68 காசு. வித்தியாசம் அரை வெள்ளிகூட இல்லை. இரவும் பகலும் அணைக்காமல் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால்தான் மாதம் இரண்டு வெள்ளிக்குப் பக்கத்தில் வரும்.

கட்டுவது எப்படி இருக்கும்

பலகையைக் கட்டப் பெரிய திறமை வேண்டியதில்லை. ஒரு சின்னத் திருப்புளி, நல்ல வெளிச்சம், அவசரமில்லாத ஒரு பிற்பகல். பத்து வயதுப் பிள்ளை பக்கத்தில் பெரியவரோடு உட்கார்ந்து செய்துவிடலாம். கவனம் தேவைப்படும் இடங்கள் இரண்டுதான்.

ஒன்று குளிர்விப்பான். அதன் அடியில் வெப்பத்தைக் கடத்தும் மெத்துப் பட்டைகள் ஒட்டியே வரும். மேலே இருக்கும் தாளை உரித்துவிட்டு, இரண்டு ஸ்பிரிங் ஊசிகளையும் பலகையில் உள்ள துளைகளுக்கு நேராகப் பிடித்து அழுத்த வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக அழுத்திவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாறி மாறி. ஊசி உள்ளே போய்ப் பிடிக்கும்போது ‘டக்’கென்று விரலில் தெரியும். பலகையை மேசையில் தட்டையாக வைத்து அழுத்தினால் அடியில் ஊசி வெளிவர இடமிருக்காது, ஓரங்களைப் பிடித்துத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு விசிறியின் நான்கு கம்பி இணைப்பியை அதற்கான சின்னக் கூட்டில் செருக வேண்டும். அந்தக் கூட்டின் மேல் ஒரு மூடி இருக்கும், முதலில் அதை எடுக்க வேண்டும்.

இன்னொன்று எஸ்எஸ்டிக்குப் போகும் ரிப்பன் கேபிள். பலகை ஓரத்தில் அதற்கென்று ஒரு மெல்லிய கூடு, அதன்மேல் நகத்தளவுகூட இல்லாத பிளாஸ்டிக் தாழ்ப்பாள். அதை இரண்டு ஓரத்திலும் பிடித்து மெல்ல மேலே தூக்க வேண்டும். ஒரு பக்கமாக நெம்பினால் உடையும், உடைந்தால் மாற்று கிடையாது. கேபிளை நேராக, அடிவரை இறக்கி, அது நகராமல் பிடித்துக்கொண்டு தாழ்ப்பாளை இரண்டு பக்கமும் சமமாக அழுத்திவிட வேண்டும். கேபிள் ஒரு முடி அளவு சாய்ந்திருந்தாலும் பலகை எஸ்எஸ்டி இருப்பதையே கண்டுகொள்ளாது. எஸ்எஸ்டி தெரியவில்லை என்றால், வேறெதையும் சந்தேகப்படுவதற்கு முன் இதைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

எஸ்எஸ்டி எதற்கு, மைக்ரோ எஸ்டி கார்டு போதாதா? கார்டில் ஓடும், ஆனால் உட்கார்ந்து வேலை பார்க்கும் கணினிக்கு அது போதாது. பை 5இல் கார்டு நல்ல நிலையில் நொடிக்கு 90 மெகாபைட் அளவில் படிக்கும், எஸ்எஸ்டி 400ஐத் தாண்டும். துண்டுத் துண்டான சின்னக் கோப்புகளில் வித்தியாசம் இன்னும் அதிகம், உலாவி திறப்பதெல்லாம் அப்படிப்பட்ட வேலைதான். பணம் போட்டால் உடனே கண்ணுக்குத் தெரியும் பகுதி இது. வாங்கும்போது நீளத்தைப் பாருங்கள். அந்த நிறுவனத்தின் எம்.2 ஹேட்டில் 2230, 2242 அளவுகள்தான் பொருந்தும். கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் நீங்கள் ‘எஸ்எஸ்டி’ என்று மட்டும் கேட்டால் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் நீளமான 2280. அதுதான் கையில் இருக்கிறது என்றால் 2280 ஏற்கும் வேறு நிறுவன ஹேட் அல்லது கேஸ் வாங்கலாம். ஆர்கான் ஒன் வகைக் கேஸ்களில் முழு அளவு எச்டிஎம்ஐ துளைகளும் பின்பக்கம் வந்துவிடுவதால் தனி மைக்ரோ கேபிளும் வேண்டாம். பார்க்கவும் மேசைக்கணினி போலவே இருக்கும். நண்பர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

மென்பொருளை ஏற்றுவது இப்போது எளிது. இன்னொரு கணினி இருந்தால் ராஸ்ப்பெரி பை இமேஜர் என்ற இலவச நிரலால் கார்டில் எழுதலாம். வீட்டில் வேறு கணினியே இல்லை, கைத்தொலைபேசிகள் மட்டும்தான் என்றாலும் வழி உண்டு: ரவுட்டரிலிருந்து நெட்வொர்க் கம்பியைப் பலகையில் செருகி, மின்சாரம் கொடுக்கும்போது ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டால், பை இணையத்திலிருந்தே இமேஜரை இறக்கித் திரையில் காட்டும். திரை கறுப்பாகவே இருந்தால் கேபிளை மின்சாரத் துளைக்குப் பக்கத்தில் இருக்கும் எச்டிஎம்ஐ துளைக்கு மாற்றுங்கள், அதுதான் முதல் துளை.

அமைப்புகளில் இரண்டைத் தவற விடாதீர்கள். வைஃபை நாடு சிங்கப்பூர் என்று கொடுக்க வேண்டும். விசைப்பலகை அமைப்பு அமெரிக்க வகையாக இருக்க வேண்டும். பை பிரிட்டிஷ் பொருள் என்பதால் அதன் வழக்கமான அமைப்பு பிரிட்டிஷ் வகை, நம் கடைகளில் விற்பது அமெரிக்க வகை. மாற்றாமல் விட்டால் ஷிஃப்ட்டும் 2ம் சேர்த்து அழுத்தும்போது @ வராது, மேற்கோள் குறி வரும். மின்னஞ்சல் முகவரியில் @ போட முடியாமல் பிள்ளை விழிக்கும். கடவுச்சொல்லில் குறிகள் இருந்தால் இன்னும் மோசம், சரியாகத் தட்டியும் உள்ளே விடாது. பை 500 வாங்கும்போதும் இதே கவனம் தேவை, அது பல நாட்டு விசை அமைப்புகளில் விற்பனைக்கு வருகிறது.

பழைய அலுவலகக் கணினியின் பலம்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றை ஏற்பதில்லை. அலுவலகங்கள் மாற்றிப் போடும் கணினிகள் சிம் லிம் ஸ்குவேருக்கும் கரோசல் விற்பனைத் தளத்துக்கும் வந்து சேர்கின்றன. இங்கே ஒரு தெளிவான கோடு இருக்கிறது: எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது என்றால் விண்டோஸ் 11 ஒழுங்காக ஓடும், இன்னும் பல ஆண்டு ஓட்டலாம். ஏழு, ஆறு என்றால் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போடுவதற்கு மட்டும் வாங்குங்கள். விற்பவர் ‘விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்திருக்கிறோம்’ என்று சொன்னாலும் சில்லு எத்தனையாம் தலைமுறை என்று கேளுங்கள், ஐ5 என்ற பெயரைத் தொடர்ந்து வரும் எண்ணில் முதல் இலக்கம் அதைச் சொல்லும்: 8500 என்றால் எட்டு, 7500 என்றால் ஏழு. பத்தாம் தலைமுறையிலிருந்து முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள்.

வேகத்தில் இது பையைவிட மேல். நினைவகத்தைக் கூட்டலாம், எஸ்எஸ்டியை மாற்றலாம். ஒரு தடித்த புத்தகம் அளவுதான், மானிட்டருக்குப் பின்னால்கூடத் தொங்கவிடலாம். வாங்கும்போது அடாப்டர் அந்த நிறுவனத்தினுடையதுதானா, எல்லா யுஎஸ்பி துளையும் வேலை செய்கிறதா, வைஃபை உள்ளதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். அலுவலகக் கணினிகள் பலவற்றில் வைஃபை அட்டையே இருக்காது.

புதிதாகவே வேண்டும் என்றால் இன்டெல் என்100 சில்லு வைத்த சிறு கணினிகள் உண்டு. 2023இல் வந்த சில்லு, மின்சாரம் குறைவாக எடுக்கும், வீடியோவை நன்றாகக் கையாளும். பெயர் தெரியாத நிறுவனம் என்றால் விண்டோஸைப் புதிதாக நிறுவிக்கொள்வது நல்லது. ஆரஞ்சு பை போன்ற மற்றப் பலகைகளை முதல் கணினியாக வாங்க வேண்டாம் என்பேன். அவற்றில் சில பையைவிட வேகமானவை, ஆனால் ஏதாவது சிக்கல் என்றால் கேட்க ஆளும் படிக்க விளக்கமும் மிகக் குறைவு.

எது ஓடும், எது ஓடாது

பையில் ஓடுவது லினக்ஸ். குரோமியமும் ஃபயர்ஃபாக்ஸும் உண்டு. பள்ளியின் எஸ்எல்எஸ் கற்றல் தளம் உலாவியில் திறக்கும். கூகல் மீட் உலாவியில் நடக்கும். சிங்பாஸ் என்ற அரசு மின்-அடையாளம் தேவைப்படும் தளங்களில் திரையில் வரும் குறியீட்டைக் கைத்தொலைபேசியால் படம் பிடித்தால் போதும். ஜூமுக்கு மட்டும் பையில் ஓடும் செயலி கிடையாது, உலாவி வழியாகத்தான் சேர வேண்டும். துணைப்பாட ஆசிரியர் முழுக்க முழுக்க ஜூமில்தான் வகுப்பு எடுக்கிறார் என்றால், அந்த ஒரு காரணத்துக்காகவே பழைய விண்டோஸ் கணினியை நான் சிபாரிசு செய்வேன். மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸையும் நிறுவ முடியாது. லிப்ரே ஆஃபீஸ் உண்டு, ஆனால் பள்ளி கொடுக்கும் கோப்புகளில் வரிசை கொஞ்சம் கலையும். வீட்டு அச்சுப்பொறி பழையது என்றால் வாங்கும் முன் விசாரியுங்கள், சில நிறுவனங்கள் லினக்ஸ் டிரைவரை இன்டெல் வகைச் சில்லுகளுக்கு மட்டுமே தருகின்றன. யூடியூப் 1080 அளவில் சரியாக ஓடும், 4கே எதிர்பார்க்காதீர்கள். ராப்லாக்ஸ் விளையாட்டுக்கு லினக்ஸ் பதிப்பே இல்லை. இதைப் பிள்ளையிடம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவும் சொன்னபிறகு ஏன் பையை முதலில் வைக்கிறேன்?

வீட்டில் இருக்கும் மற்றக் கணினிகள் எல்லாம் ‘தொடாதே’ கணினிகள். அப்பாவின் மடிக்கணினியில் அலுவலக வேலை, உயர்நிலைப் பள்ளியில் வாங்கும் சாதனத்தில் பள்ளியின் கட்டுப்பாட்டு மென்பொருள். பிள்ளை தொடக்கநிலை மேல்வகுப்புகளிலேயே ‘கோட் ஃபார் ஃபன்’ வகுப்பில் நிரல் எழுதப் பழகுகிறது, வீட்டுக்கு வந்தால் அதைத் தொடர இடமில்லை. பையில் ஸ்கிராட்ச் போடலாம், பைத்தான் எழுதலாம், நாற்பது ஊசிகள் உள்ள வரிசையில் விளக்கும் உணரியும் மாட்டலாம். சிம் லிம் ஸ்குவேருக்குப் பக்கத்தில் இருக்கும் சிம் லிம் டவரில் அவற்றுக்கான சில்லறைப் பாகங்கள் எல்லாம் கிடைக்கும்.

என் அக்கா மகன் ஒருமுறை எங்கோ படித்துவிட்டு, சில்லின் வேகத்தை 3 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிட்டான். “மாமா, ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரல” என்று போன். “பழைய கார்டு எங்கடா இருக்கு?” “டிராயர்ல.” “அதைச் செருகிட்டு ஆன் பண்ணு.” பை 5 வழக்கமாகக் கார்டைத்தான் முதலில் தேடும், அதில் இல்லாவிட்டால்தான் எஸ்எஸ்டிக்குப் போகும். கார்டிலிருந்து கணினி எழுந்தது. எஸ்எஸ்டியில் தான் மாற்றிய வரியை அவனே தேடி அழித்தான், கார்டை உருவினான், மறுபடி ஓடியது. அவன் அம்மா கேட்டபோது “நானே ரிப்பேர் பண்ணிட்டேன்” என்றான். நான் போனில் சொன்னது ஒரு வரி மட்டும்தான், ஆகவே அது உண்மையே. பழைய விண்டோஸ் கணினியில் அதே வயதுப் பிள்ளை பயாஸ் என்ற அடிப்படை அமைப்பை மாற்றிக் கெடுத்தால் வீட்டில் திட்டுதான் விழும். இந்தத் துணிச்சலுக்காக ஜூம் செயலி இல்லாத குறையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

இதே காரணத்தால்தான் பை 500இல் எனக்கு அவ்வளவு ஈர்ப்பு இல்லை. எல்லாம் மூடி வைத்திருக்கிறது. கார்டு மாற்றும் வசதியும் பின்பக்கம் ஊசி வரிசையும் உண்டு, ஆனால் எஸ்எஸ்டிக்கு இடமில்லை, கேமரா இணைப்பியும் இல்லை. தண்ணீரோ மைலோவோ விசைகளில் கொட்டினால் கணினியே போகும். 2025 செப்டம்பரில் வந்த பை 500 பிளஸில் 16 ஜிபி நினைவகமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் உள்ளேயே இருக்கின்றன, விசைகளும் அருமை. வெளியானபோது 200 டாலர், அந்தப் பணத்துக்கு எட்டாம் தலைமுறைக் கணினி தாராளமாகக் கிடைக்கும். பை 500 சரியாகப் பொருந்துவது சாப்பாட்டு மேசையே படிப்பு மேசையாக இருக்கும் மூவறை வீட்டில்: ஹாலில் உள்ள தொலைக்காட்சியில் செருகிப் படித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் எடுத்து அலமாரியில் வைத்துவிடலாம்.

தமிழ் எழுதுவதில் மூன்றுக்கும் வேறுபாடு குறைவு. விண்டோஸில் தமிழ் உள்ளேயே உண்டு. பையில் முதல் நாள் தமிழ்த் தளங்கள் கட்டம் கட்டமாகத் தெரியலாம். லோகித் அல்லது நோட்டோ எழுத்துருவை நிறுவினால் சரியாகிவிடும். தட்டச்சுக்கு எஃப்சிஐடிஎக்ஸ் அல்லது ஐபஸ் நிரலோடு எம்17என் தொகுப்பையும் சேர்த்து நிறுவுங்கள். தமிழ்99 அமைப்பும் ஒலிபெயர்ப்பு அமைப்பும் அதிலேயே இருக்கின்றன. பிள்ளைக்குத் தமிழ்99 பழக்குங்கள். 1999இல் சென்னை மாநாட்டில் முடிவான அமைப்பு, உயிரெழுத்து இடது கை, மெய்யெழுத்து வலது கை. சின்ன வயதில் பழகினால் பிறகு மறக்காது.

கடைசியாக, ‘முழு மேசைக்கணினித் தொகுப்பு’ என்று இணையக்கடைகளில் வரும் பெட்டிகளைப் பற்றி. அவற்றில் நல்லதும் உண்டு. பட்டியலில் மூன்றை மட்டும் பாருங்கள்: அடாப்டர் 5 ஆம்பியரா, குளிர்விப்பானில் விசிறி இருக்கிறதா, எஸ்எஸ்டி இருக்கிறதா இல்லை கார்டு மட்டும்தானா. நினைவகம் 2 ஜிபி என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தால் அந்தப் பெட்டியை விட்டுவிட்டு, பலகையைத் தனியாக வாங்கி மீதியைச் சிம் லிம்மில் பார்த்துக்கொள்ளுங்கள்.